பீரோ சார்பில் ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
போக்குவரத்து பவன், புது தில்லி.

பொருள்: வீட்டுச் சாமான் ஏற்றிச்செல்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக இருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய அமைச்சகத்தாருக்கு,

குடிபோவது பற்றித் தமிழ்நாட்டில் இரண்டு சட்டங்கள் உள்ளன. ஆனியில் அடியெடுத்து வைக்காதே, ஆடியில் அசையாதே, மார்கழியில் பேச்சையே எடுக்காதே, பங்குனியில் குடிபுகாதே என்பது முதலாவது. இதற்கு அரசிதழ் இல்லை, அபராதம் இல்லை, பறக்கும் படை இல்லை. இருந்தும் வாடகை ஒப்பந்தம் முடிந்து வீட்டு உரிமையாளரே வாசலில் வந்து நின்றாலும், ‘ஆவணி பிறக்கட்டும்’ என்ற ஒரு வார்த்தைக்கு அவர் திரும்பிப் போய்விடும் அளவுக்கு அது செல்லுபடியாகிறது. ஆடியில் சாமான் ஏற்றும் வண்டிக்காரர் ஈ ஓட்டுவார். ஆவணியின் முதல் முகூர்த்த நாளில் அதே வண்டிக்கு நான்கு குடும்பங்கள் போட்டி போடும். இரண்டாவது சட்டம் தங்களுடையது. வெள்ளைக்காரர்கள் 1865-இல் எழுதிவைத்ததை 142 ஆண்டுகள் கழித்து ஓய்வுக்கு அனுப்பிவிட்டு வந்த, 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்கு ஏற்றிச்செல்லல் சட்டம். அது 2007-இல் நாடாளுமன்றத்தில் ஏற்றப்பட்டு 2011 மார்ச் 1 அன்று இறக்கப்பட்டது. சரக்கு தாமதமாவது பற்றியெல்லாம் பேசும் சட்டமே மூன்று ஆண்டுக்கு மேல் தாமதமாக வந்து சேர்ந்ததை இந்தத் தொழிலை அறிந்த எவரும் குற்றமாகச் சொல்லமாட்டார்கள். பார்ட் லோடு என்றால் அப்படித்தான்.

இந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் குறைவு என்பதால், அதில் என்ன இருக்கிறது என்பதைத் தங்களுக்கே நினைவூட்ட அனுமதி வேண்டும். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் எவரும் பதிவுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும்; அது பத்தாண்டு செல்லும். ஏஜென்ட், புரோக்கர், ஒப்பந்தக்காரர், வீட்டுக்கு வீடு கொண்டுபோகும் கூரியர் என எல்லோரையும் சட்டம் ஒரே வலைக்குள் இழுத்துப் போட்டிருக்கிறது. சாமான் அனுப்புகிறவர் என்னென்ன அனுப்புகிறார், அதன் மதிப்பு என்ன என்று ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டும். ஏற்றுகிறவர் அதற்கு ரசீது தரவேண்டும். அதன் பிறகு வழியில் தொலைந்தாலும் உடைந்தாலும் கெட்டாலும் பொறுப்பு அவருடையது. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசின் தடை போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. ‘ரோடு மோசம் சார்’ அந்தப் பட்டியலில் இல்லை. ‘டிரைவர் பையன் புதுசு’ என்பதும் இல்லை. கூடுதல் பொறுப்புக்கென்று தனிக் கட்டணம் கட்டாதவருக்கும், அறிவித்த மதிப்பைத் தாண்டாமல், வண்டி வாடகையைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு கேட்க விதிகள் இடம் தருகின்றன. 20,000 ரூபாய் வாடகை கொடுத்தவர் இரண்டு லட்சம் வரை கேட்கலாம். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சாமான் அனுப்புகிறவர் கூடுதல் பாதுகாப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட்தான் இழப்பீடு. அந்தக் கணக்கில் 20 கிலோ டி.வி. உடைந்தால் சுமார் 26 டாலர். ஏட்டளவில் பார்த்தால், வண்டியேறும் பீரோவுக்கு இந்தியா காட்டும் மரியாதையை அமெரிக்கா காட்டவில்லை.

இவ்வளவு நல்ல சட்டத்தைக் கொலு பொம்மைபோல் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறீர்களே, அதன் ரகசியம் அபராதத்தில் இருக்கிறது. பதிவில்லாமல் தொழில் செய்தால் முதல் முறை 5,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளில் 10,000 ரூபாய் வரை என்று 2007-இல் எழுதிவைத்தார்கள். ‘வரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அதற்குக் குறைவாகவும் இருக்கலாம் என்ற கருணை அதில் உண்டு. இரண்டு படுக்கையறை வீட்டைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்ற ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் வாங்கும் தொகையில் இது சிறு பகுதி. சட்டத்தை மதித்தால் அலுவலகம் வேண்டும், பதிவேடு வேண்டும், ரசீதுப் புத்தகம் வேண்டும், உடைந்ததற்குப் பத்து மடங்கு வரை பதில் சொல்ல வேண்டும். மதிக்காவிட்டால், யாராவது வந்து கேட்கும் அபூர்வ நாளில், பபிள் ரேப் செலவுக்குள் காரியம் முடிந்துவிடும். நேர்மையாகப் பதிவு செய்து ரசீது கொடுக்கும் வண்டிக்காரர் இந்தக் கணக்கில் தோற்றுப்போகிறார் என்பதுதான் என் வருத்தம். அவருடைய விலையில் சட்டத்தின் செலவும் சேர்ந்திருக்கிறது. போட்டியாளர் விலையில் அது இல்லை.

தொழில் நடக்கும் விதத்தைப் பார்த்தால் சட்டம் எங்கே நழுவுகிறது என்பது தெரியும். குடிபோகிறவர் ஓர் இணையதளத்தில் தன் எண்ணைப் பதிகிறார். அந்த எண் பல பேருக்கு விற்கப்படுகிறது. அடுத்த அரைமணி நேரத்துக்குத் தொலைபேசி ஓய்வதில்லை. குறைந்த தொகை சொன்னவர் ஆர்டரைப் பிடிக்கிறார். அவரிடம் வண்டி இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அட்டைப்பெட்டி கட்ட வரும் பையன்கள் ஒருவருடைய ஆட்கள், வண்டி இன்னொருவருடையது, ஊர் எல்லையில் வேறு லாரிக்கு மாற்றி ஏற்றினால் மூன்றாமவரும் வந்துவிடுவார். கையில் கிடைக்கும் காகிதம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கொட்டேஷன். அதில் சிரிக்கும் குடும்பத்தின் படம் இருக்கும். பதிவு எண் இருக்காது. பேரம் பேசும் பலம் கயிறு கட்டும் வரை வீட்டுக்காரரிடம், கட்டிய பிறகு வண்டிக்காரரிடம். கட்டில், மெத்தை, அடுப்பு, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் உள்ளே போன பிறகுதான் ‘சாமான் நீங்க சொன்னதைவிட ஜாஸ்தி’ என்று பாதி வழியில் அழைப்பு வருகிறது. உடைந்த கண்ணாடியைப் பற்றி இவ்வளவு யோசித்த தங்கள் சட்டம், உடையாத சாமானைப் பிடித்துவைத்துக்கொண்டு விலை ஏற்றுவதைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. போதாக்குறைக்கு, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குப் பொதுவாகத் தேவைப்படும் இ-வே பில் பழைய வீட்டுச் சாமானுக்கு வேண்டியதில்லை. அது வேறு அமைச்சகத்தின் சலுகை, நல்ல சலுகையும்கூட. ஆனால் கடைக்குப் போகும் சோப்புப் பெட்டிக்கு அரசாங்கக் கணினியில் ஒரு வண்டி எண் இருக்கிறது, பாட்டியின் தேக்குப் பெட்டிக்கு அது இல்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவிடம் ஒரு யோசனையைக் கடன் வாங்கலாம். அங்கே மாநிலம் தாண்டிச் செல்லும் வீட்டுச் சாமானுக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். வாடிக்கையாளரின் உரிமைகளைச் சொல்லும் கையேட்டையும் தரவேண்டும். மாறக்கூடிய மதிப்பீடு என்று சொல்லியிருந்தாலும், இறக்கும் இடத்தில் அதில் 110 சதவீதத்தைக் கொடுத்தால் சாமானை ஒப்படைத்தாக வேண்டும். மீதி ஏதாவது பாக்கி இருந்தால் பிறகு பில் அனுப்பிக்கொள்ளலாம். அதனால் அங்கே மோசடி ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் மோசம் போனவர் இன்னின்ன விதியை மீறினார்கள் என்று சுட்டிச் சொல்ல முடிகிறது. நம் ஊரில் அவர் தன் விதியை மட்டும் நொந்துகொள்கிறார்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாமானின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ‘இன்ஷூரன்ஸ் போட்டாச்சு’ என்று சொல்லிவிடுவது இந்தத் தொழிலில் சகஜம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பெயரும் பாலிசி எண்ணும் போட்ட தாள் வந்தால்தான் அது காப்பீடு. வராவிட்டால் அது வண்டிக்காரரின் வாக்குறுதி. தங்கள் சட்டம் இதற்கும் வழி செய்திருக்கிறது. கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் கட்டணம் வாங்க வேண்டுமானால், அந்தக் கட்டண விவரத்தைத் தொழில் நடக்கும் இடத்தில் ஆங்கிலத்திலும் அந்த ஊர் மொழியிலும் எழுதி மாட்டியிருக்க வேண்டும். அழகான பிரிவு. தொழில் நடக்கும் இடமே ஒரு செல்போன் எண்ணாக இருக்கும்போது ஆணியை எங்கே அடிப்பது என்பதை மட்டும் விளக்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

தாங்கள் சொல்லக்கூடிய பதில்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று போனவர் ஏமாந்தால் அரசு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். மலிவைத் தேடுவது குற்றமானால் டெண்டர் விடும் எல்லா அரசு அலுவலகங்களும் குற்றவாளிகள். இங்கே வீட்டுக்காரருக்குத் தெரியாதது விலையல்ல. விலை சொன்னவர் யார் என்பது. பதிவு எண் இல்லாமல் விளம்பரம் போடக்கூடாது, பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் எந்த இணையதளமும் வாடிக்கையாளரின் எண்ணை விற்கக்கூடாது என்று விதி வந்தால் மலிவைத் தேடுகிறவரும் ஆளைத் தெரிந்துகொண்டு தேடுவார்.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்பது இரண்டாவது பதில். இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்புக்கு முகவரி வேண்டும், கையில் ரசீது வேண்டும். சாலைவழிச் சரக்குச் சட்டமோ, சரக்கைப் பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்காதவர் வழக்கே போட முடியாது என்கிறது. இந்தக் கெடுவை வீட்டுக்காரர் காதில் போட வேண்டிய கடமை மட்டும் யாருக்கும் இல்லை. காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில் விவகாரம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள் என்பது பழகிப்போன புகார். இத்தனைக்கும் ஏற்றிச்செல்ல ஒப்படைத்த பொருளில் நம்பிக்கை மோசடி செய்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்று குற்றச் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அதற்குப் பிரிவு எண் 407. வீடு மாற்ற வந்து நிற்கும் டாட்டா வண்டியின் நெற்றியிலும் பல நேரம் அதே எண்தான் இருக்கும். நடமாடும் சட்ட விழிப்புணர்வாக இருந்த அந்த வாய்ப்பும் 2024 ஜூலை 1-ஆம் தேதி போய்விட்டது. புதிய சட்டத்தில் பிரிவு 316(3) ஆகிவிட்டது, அந்தப் பெயரில் வண்டி இல்லை.

மூன்றாவது பதிலைத்தான் நான் மதிக்கிறேன். இது குட்டி யானை வைத்துப் பிழைக்கிறவர்களின் தொழில், சட்டத்தை இறுக்கினால் அவர்கள் வயிற்றில் அடிப்பதாகும் என்பது. வயிறு யாருடையது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாத படியில் வாஷிங் மெஷினை முதுகில் ஏற்றுகிற லோடுமேனுக்கு நாள் கூலி. பாதி வழியில் கறக்கும் பணம் தொலைபேசியில் பேசுகிறவருக்குப் போகிறது. உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு 1982-லேயே தனிச் சட்டம் செய்தது. அவர்களைக் காக்க வீட்டுக்காரரை ஏமாற்றும் உரிமை தேவைப்படவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கூலி கொடுக்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் ஒழித்தபோதும், சுமை தூக்கும் தொழில் அழிந்துவிடவில்லை. அபராதத்தை வண்டியின் அளவுக்கும் வாங்கிய வாடகைக்கும் ஏற்ப வைத்தால் சிறியவருக்குச் சிறிய தண்டனை, பெரியவருக்குப் பெரியது. ஒரு பக்கத் தமிழ் ரசீதுப் படிவத்தைத் தாங்களே அச்சடித்து இலவசமாகக் கொடுத்தால் சிறியவருக்குச் செலவும் இல்லை.

விலையை அரசு கணிக்க முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. தன் ஊழியரை இடமாற்றம் செய்யும்போது மத்திய அரசு எவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறது! 2017-இல் நிர்ணயித்தபடி, ஆறாம் ஊதிய நிலைக்கும் அதற்கு மேலும் 6,000 கிலோ, கிலோமீட்டருக்கு 50 ரூபாய். ஐந்தாம் நிலைக்கு 3,000 கிலோ, 25 ரூபாய். நான்கும் அதற்குக் கீழும் 1,500 கிலோ, 15 ரூபாய். ஒரு குமாஸ்தாவின் வீட்டில் எத்தனை கிலோ மரம் இருக்கலாம் என்பதுவரை தெரிந்துவைத்திருக்கும் அரசு, சென்னையிலிருந்து தில்லிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டருக்கு மேல்நிலை அலுவலரின் சாமானுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் என்று வரம்பு கட்டியது. அதே அட்டவணையை வழிகாட்டு விலையாக ஊராருக்கும் வெளியிட எந்தக் குழுவும் அமைக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தில்லியில் 2025 ஆகஸ்ட் மாதம் கர்த்தவ்ய பவனின் முதல் கட்டடம் திறக்கப்பட்டு, அமைச்சகங்கள் ஒவ்வொன்றாகக் குடிபோய்க்கொண்டிருக்கின்றன. தங்கள் முறையும் ஒருநாள் வரும். அப்போது பொதுப்பணித் துறையையோ அரசு வண்டியையோ தயவுசெய்து கூப்பிட வேண்டாம். பொதுமக்கள் செய்வதுபோல் ஓர் இணையதளத்தில் இணைச் செயலாளரின் செல்போன் எண்ணைப் பதியுங்கள். வருகிற அழைப்புகளில் குறைந்த விலை சொன்னவருக்கு முன்பணம் அனுப்புங்கள். கோப்பு அலமாரிகளை ஏற்றும்போது சாலைவழிச் சரக்குச் சட்டத்தின் மூலப் பிரதி இருக்கும் பெட்டிக்கு ‘உடையக்கூடியது’ என்று எழுதி ஒட்ட மறக்காதீர்கள். வண்டி நகர்ந்து ஒருமணி நேரம் கழித்து, ‘ஃபைல் நீங்க சொன்னதைவிட ஜாஸ்தி சார்’ என்று அழைப்பு வரும். அப்போது என்ன பதில் சொன்னீர்கள் என்பதை ஒரு சுற்றறிக்கையாக வெளியிட்டால், நாங்களும் அதையே சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தை பிறக்கக் காத்திருக்கும் ஒரு வாடகைதாரர்