எஞ்சின் மாற்றிக் கடனாளி ஆவது எப்படி?

முதலில் ஒரு பழைய ஜீப் வேண்டும். தேனி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் கம்பத்திலோ போடியிலோ தேவாரத்திலோ மெயின் ரோட்டில் நின்றால், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கமாண்டர், மேஜர், எம்எம் 540. இன்னும் சில, நீட்டி வெல்டு வைத்ததில் எந்த மாடல் என்று செய்த கம்பெனியே அடையாளம் சொல்ல முடியாதவை. அதில் ஒன்று எப்படியும் விலைக்கு வரும். வாங்கிவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பரும் எஞ்சினில் வெட்டியிருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்தக் கையேட்டை இத்தோடு மூடிவிடலாம். நீங்கள் கடனாளி ஆகிற ரகம் இல்லை.

அடுத்து, வண்டி ஏற மறுக்கும் நாளுக்காகக் காத்திருங்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏதோ ஒன்றில் வண்டி திணறும், கரும்புகை கக்கும், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனை அமுக்கிய கையை எடுக்க மாட்டார். அன்று மாலையே டீக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். இது முக்கியம். மெக்கானிக்கிடம் முதலில் போய்விடக் கூடாது. அவர் ஏதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுவார்.

"வண்டியில புல்லிங் இல்லண்ணே. எஞ்சினைத் தூக்கிப் போடுங்க."

"பீஜோ போடு மாப்ள. வெண்ணெய் மாதிரி ஓடும்."

"பீஜோ எதுக்கு? டிஐ போடச் சொல்லு. அது கல்லை இழுக்கும்."

"407 எஞ்சினையே வைக்கலாம்யா. எங்க பெரியப்பா மகன் வச்சிருக்கான்."

அந்தப் பெரியப்பா மகனின் வண்டியை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இவர்கள் சொல்லும் எஞ்சின்களின் பெயரிலேயே பாதி ஜாதகம் இருக்கிறது. பீஜோவின் முழுப் பெயர் எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் துளையும் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஓட்டம், 83 மில்லி. கணக்குப் போட்டால் 2112 சிசி. டாடா 407-இல் இருந்த 497 என்ற எஞ்சினும் அப்படித்தான்: 4 சிலிண்டர், 97 மில்லி. பழைய டாடா லாரியின் 697 என்பது 6 சிலிண்டர், 97 மில்லி. மஹிந்திராவின் டிஐ 2523 சிசி. அதில் துளை 88.9, ஓட்டம் 101.6. துளையைவிட ஓட்டம் நீளமானது மெதுவாகச் சுற்றி அழுத்தி இழுக்கும். ஓட்டம் குட்டையானது வேகமாகச் சுற்றும். "வெண்ணெய்", "கல்லை இழுக்கும்" என்று டீக்கடை சொன்னதன் அர்த்தம் இவ்வளவுதான். டீக்கடை எப்போதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. அரைவாசி சரியாக இருக்கும். செலவு வைப்பது அந்த அரைவாசிதான்.

இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை குதிரைண்ணே?" பீஜோவுக்கு 62 என்பார்கள். உண்மைதான், நிமிடத்துக்கு 4500 சுற்றில். முறுக்கு விசை எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. அது 12.3 கேஜிஎம், 2000 சுற்றில். அதாவது ஒரு மீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 12.3 கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன திருகல் கிடைக்குமோ, அது.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்தால்தான் வம்பு. கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். மாடுகள் கிணற்றிலிருந்து எவ்வளவு பெரிய சால் தண்ணீரை இழுக்கின்றன என்பது முறுக்கு விசை. ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தது என்பது குதிரைத்திறன். சின்னச் சால் கட்டி மாட்டை விரட்டினாலும் அதே தண்ணீர் வரும், பெரிய சால் கட்டி நிதானமாக ஓட்டினாலும் வரும். கியர் பெட்டி செய்வது சாலின் அளவை மாற்றுவதைத்தான்.

கணக்கில் சொன்னால், முறுக்கு விசையைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 716-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். (ஒரு குதிரை என்பது 75 கிலோவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் தூக்குவது. அதிலிருந்து வந்த எண் இந்த 716.) பீஜோவுக்குப் போட்டுப் பாருங்கள். 2000 சுற்றில் 12.3 இருக்கும்போது குதிரை 34-தான். 62 குதிரை வரும் 4500 சுற்றில் முறுக்கு விசை 10-க்கும் கீழே இறங்கியிருக்கும். விளம்பரத்தில் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்த அந்த இரண்டு எண்களும் வண்டியில் ஒரே நேரத்தில் வருவதே இல்லை.

இப்போது மேட்டுக்கு வருவோம். ஜீப்பும் ஆட்களும் மூட்டையும் சேர்ந்து 2 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஏற்றுகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்குக் கையேடு எழுத எனக்குத் தைரியமில்லை. 15 அடிக்கு ஓரடி ஏறும் சாலையில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் எடை 133 கிலோ. டயர் உருள்வதற்கு இன்னொரு 30. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இதை இழுக்கச் சக்கரத்தில் வேண்டியது சுமார் 12 குதிரை. ஆமாம், 12. கியரிலும் அச்சிலும் விரயமாவதைச் சேர்த்தாலும் 15. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் 1000 மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். இழக்கட்டும். 62-இல் அதுவும் போக மிச்சம் ஏராளம். குதிரைகளை எண்ணித்தான் தீர வேண்டும் என்கிற ஆசை இருந்தால் குமுளி போகிற வழியில் லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் முன்னால் நில்லுங்கள். பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி நான்கு டர்பைன்களைச் சுற்றும் இடம்; தொடக்கத்தில் 140 மெகாவாட் என்று கட்டியது. குதிரையில் சொன்னால் 1,90,000. பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

வண்டி திணறியது எங்கே? வளைவின் உள்பக்கம், எட்டடிக்கு ஓரடி ஏறும் இடத்தில். அங்கே வேண்டிய இழுவை 280 கிலோ. டயரின் நடுவிலிருந்து தரை வரை 36 சென்டிமீட்டர் என்றால் சக்கரத்தில் 100 கேஜிஎம் வேண்டும். பழைய மூன்று கியர் பெட்டியில் செகண்ட் 1.55, பின் அச்சில் 5.38. பெருக்கினால் 8.3 மடங்கு. விரயத்தையும் சேர்த்தால் எஞ்சின் 14 கேஜிஎம் தர வேண்டும். பீஜோவிடம் இருப்பது 12.3. ஆகவே செகண்டில் நின்றுவிடும். ஃபர்ஸ்ட் போட்டால் 15 மடங்கு. 8 கேஜிஎம் போதும், முனகாமல் ஏறும்.

சுருக்கமாக, நீங்கள் கடன் வாங்கி எஞ்சின் மாற்றப் போவது வளைவில் ஃபர்ஸ்ட் கியருக்குப் பதில் செகண்டில் ஏறுவதற்காக. கௌரவப் பிரச்சினை. புரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ஜீப்புகளுக்குத் தாத்தா வில்லிஸ் சிஜே-3பி. அதிலிருந்த ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின் 2.2 லிட்டர், அமெரிக்கக் கணக்கில் அதன் முறுக்கு விசை 15.8 கேஜிஎம், அதுவும் 2000 சுற்றிலேயே. பீஜோ டீசலைவிட அதிகம்! அந்தக் கணக்கு ஃபேன், டைனமோ எல்லாம் கழற்றிவிட்டு அளந்தது, கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். கழித்தாலும் பீஜோ ஜெயிக்காது. அப்படியானால் எதற்காக இந்தப் பக்கம் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு டீசல் வைத்தார்கள்? பெட்ரோல் விலை. ஹரிகேன் குடிக்கிற குடிக்கு ஏலக்காய் வருமானமே போதாது. டீசல் மலிவு, மைலேஜும் கூட. அது நல்ல காரணம், நியாயமான காரணம். ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. "இழுவைக்காக மாத்துனேன்" என்பதுதான் ஊரில் எடுபடும். 2010-இல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டையும் 2014-இல் டீசல் விலைக் கட்டுப்பாட்டையும் அரசு கைவிட்ட பிறகு இடைவெளி குறைந்துபோய், அந்த நியாயமான காரணமும் மெலிந்துவிட்டது. இழுவைக் கதை மட்டும் அப்படியே இருக்கிறது.

எஞ்சின் மாற்றுவதென்று முடிவு செய்த பிறகு சில காரியங்களைத் தவறியும் செய்யக் கூடாது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்காதீர்கள். தூசி அடைத்திருந்தால் அதுதான் கரும்புகை என்று தெரிந்துவிடும். நாசிலை எடுத்துச் சோதிக்கக் கொடுக்காதீர்கள். ஒரு மேட்டில் டாப் கியரில் வைத்துச் சட்டென்று ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்காதீர்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், எஞ்சின் மேல் பழி போட முடியாமல் போகும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் டிரம் பக்கமும் கையைக் கொண்டுபோகாதீர்கள். ஒன்று மட்டும் அடுப்பாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டுகிறது என்பது வெளிப்பட்டுவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது புகை குபுகுபுவென்று வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் ரிங் போயிற்று. அப்போதும் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினால் போதும் என்று ஒருவர் சொல்வார். அவரைத் தவிர்க்கவும்.

பட்டறையில் வண்டியை விடும்போது "எத்தனை நாளாகும்?" என்று கேளுங்கள். "நாளைக்கழிச்சு எடுத்துக்கலாம்ணே" என்பார்கள். சந்தோஷமாகத் திரும்பி வாருங்கள். பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்குவது ஒரு பொழுது வேலைதான். புதிதாக வந்த பழைய எஞ்சினின் பின்பக்கத்து போல்ட் ஓட்டை எதுவும் உங்கள் கியர் பெட்டியின் ஓட்டையோடு சேராது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். நடுவில் ஒரு பிளேட் கடைய வேண்டும். லேத் கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருப்பார். பிளேட் வந்ததும் கியர் பெட்டியின் ஷாஃப்ட் ஃப்ளைவீலை எட்டாது. நுனியில் இருக்கும் பைலட் பேரிங்குக்கு ஒரு புஷ் கடைய வேண்டும். மறுபடி லேத். அந்தப் பிளேட்டில் ஒரு நூல் அளவு சாய்வு இருந்தாலும் பேரிங் ஊளையிடும், கிளட்ச் உதறும். அந்த ஊளையை "செட் ஆயிரும்ணே" என்பார்கள். ஆகாது.

பெட்ரோல் வண்டிக்கு டீசல் வைத்தால் டாங்குக்கு இன்னொரு குழாய் வேண்டும். நாசிலில் மிஞ்சும் டீசல் திரும்பி டாங்குக்குப் போக வேண்டும். பெட்ரோல் டாங்கில் அதற்கு வழியே இருக்காது. பீஜோவாக இருந்தால் ஹீட்டர் பிளக் உண்டு. அதற்கு வயர், சுவிட்ச், தெம்பான பாட்டரி. பாரம் கூடினால் முன் பட்டையில் ஒரு லீஃப் சேர்க்க வேண்டும். ரேடியேட்டர் சின்னதாக இருந்தால் போடிமெட்டுக்குப் பாதி வழியிலேயே ஆவி பறக்கும். இத்தனையும் முடிந்த பிறகு "புல்லிங் ஏத்தித் தரவா?" என்று பம்ப்பின் ஸ்குரூவை அரைத் திருகு திருகுவார்கள். டீசல் கூடுதலாகப் போகும், காற்று அதே காற்று. மிச்ச டீசல் கரும்புகையாக வெளியே வந்துவிடும். காசு எரிந்தால் என்ன நிறத்தில் இருக்கும் என்று கண்ணால் பார்க்கலாம்.

சரி, கூடுதல் முறுக்கு விசை உண்மையாகவே வந்துவிட்டது என்று வைப்போம். அது எங்கே போகும்? யு.ஜே. கிராஸ், கிரவுன் பினியன், ஆக்சில். அவை பழைய எஞ்சினுக்குச் செய்தவை. இருப்பதிலேயே பலவீனமானது எதுவோ அது முதலில் போகும், அடுத்த மாதம் அதற்கு அடுத்தது. பெரும்பாலும் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருக்கிற வாரத்தில்.

ஆர்.டி.ஓ. விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ளது மாறிப்போகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேறு ரக எஞ்சினை நீங்களாக வைத்துவிட்டு ஓட்டினால், விபத்து நடக்கிற அன்று இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

எழுதத் தொடங்கியபோது நினைத்த கையேடு இத்தோடு முடிந்துவிட்டது. கடைசியாகக் கிண்டல் இல்லாமல் ஒன்று. மேட்டில் ஏறியது எல்லாம் இறங்கியாக வேண்டும். போடிமெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1000 மீட்டர். 2 டன் வண்டி அதை இறங்கி முடிக்கும்போது வெளியாகும் சூட்டில் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கியரில் வராமல் நியூட்ரலில் விட்டால் அதில் பெரும்பகுதி பிரேக் டிரம்மில்தான் இறங்கும். பின்னால் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் தோட்டத்து ஆட்களுக்கு உங்கள் எஞ்சின் எத்தனை குதிரை என்பதில் அக்கறை இல்லை. எஞ்சினுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், நல்ல டயர் போடுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மீதிப் பணம் இருந்தால் கிளட்ச் பிளேட் மாற்றுங்கள். உங்கள் வண்டியில் இல்லாமல்போன புல்லிங் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.