கேள்வி நேரம்: கெமிக்கல் வாத்தியார்

கேள்வி: கெமிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியர் ஒருவர் பெயராவது உமக்குத் தெரியுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: மன் மோகன் சர்மா. பிரதமராக இருந்தவர் சிங், இவர் வேறு. 1937-ல் ஜோத்பூரில் பிறந்தவர். நம்மவர்கள் நிறைந்த மும்பை மாதுங்காவில் அன்று யு.டி.சி.டி. எனப்பட்ட கெமிக்கல் டெக்னாலஜி கல்லூரியில் படித்து, 1964-ல் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. முடித்து, மாதுங்கா கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பியபோது வயது 27. இன்று அந்த வயதில் கெஸ்ட் லெக்சரர் வேலைக்கே வரிசை.

கேள்வி: லண்டன் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பொறியாளர் அவர்தானாமே?

பதில்: அப்படித்தான் எழுதுகிறார்கள். சர்மா தேர்வானது 1990-ல். பம்பாய்க் கப்பல் பொறியாளர் அர்தேசிர் கர்செட்ஜி 1841-லேயே உள்ளே போய்விட்டார். நம் ராமானுஜனுக்கும் 77 வருடம் சீனியர்!

கேள்வி: அப்படி என்னய்யா கண்டுபிடித்தார்?

பதில்: வாயு திரவத்துக்குள் புகுந்து வினைபுரியும்போது எவ்வளவு வேகம் என்ற கணக்கு. உர ஆலையில் அம்மோனியா தயாரிக்கும் முன், ஹைட்ரஜனோடு ஒட்டிவரும் கார்பன் டை ஆக்ஸைடை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வினையூக்கி கெட்டுவிடும். அமீன் வகை வேதிப்பொருள்களின் கரைசல் அதை உறிஞ்சும். சரி, உறிஞ்சும் கோபுரம் எத்தனை உயரம்? குத்துமதிப்பாகக் கட்டினால் முதலாளி தலையில் துண்டு. கார வகைக் கரைசல்களும் அமீன்களும் எப்படி உறிஞ்சுகின்றன என்று கேம்பிரிட்ஜ் குருநாதர் டாங்க்வெர்ட்ஸும் சர்மாவும் 1966-ல் எழுதிய கட்டுரை துறையில் பிரசித்தம். புகைபோக்கியில் கார்பனைப் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே பாடம்தான்.

கேள்வி: குரு கண்டிப்பானவரோ?

பதில்: தெரியாது. ஆனால் 1940-ல் லண்டனில் ஜெர்மானியர் பாராசூட்டில் போட்ட கண்ணிவெடிகளைச் செயலிழக்கச் செய்து ஜார்ஜ் கிராஸ் வீர விருது வாங்கியவர். தீசிஸைத் திருத்தும்போது கை நடுங்கியிருக்காது.

கேள்வி: நல்ல ஆராய்ச்சியாளரை நிர்வாக நாற்காலியில் உட்காரவைத்தால் ஆராய்ச்சி போச்சு, சரியா?

பதில்: பெரும்பாலும் சரி. ஆனால் சர்மா 1989 முதல் 1997 வரை யு.டி.சி.டி. இயக்குநர். ராயல் சொசைட்டியும் அதன் லெவர்ஹுல்ம் பதக்கமும் அந்த நாற்காலியில் இருக்கும்போதுதான் வந்தன. பழைய உழைப்புக்குத்தானே என்பீர்கள். ஆமாம், பதக்கம் என்றைக்கு ஐயா நேரத்துக்கு வந்தது? என்னைக் கேட்டால், அவருடைய பெரிய பதக்கம் மாணவர்கள்தான். விஞ்ஞானி மஷேல்கர் அவரிடம் பிஎச்.டி. செய்தவர், முகேஷ் அம்பானி அதே யு.டி.சி.டி.யில் படித்தவர்.

கேள்வி: கவுன்சலிங்கில் மகளுக்கு கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை, கெமிக்கல் கிடைத்ததற்கு அழுகிறாள். (சேலம் வாசகி)

பதில்: எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லையே அம்மா! சென்னை ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) என்றால், அது 1944-லிருந்து இருக்கும் இடம். கண்ணைத் துடைத்துவிட்டு, முதலில் பீஸைக் கட்டுங்கள்.