ஜன்னல் துடைக்கிறவன் பாட்டு

வாரிங்டன், இங்கிலாந்து

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை உன் மருமகள்தான் படித்துக் காட்டப் போகிறாள் என்று தெரியும். அவளுக்கு ஒரு வார்த்தை: மாமா திண்ணையில் இருந்தால் அடுப்பங்கரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளம்மா. விஷயம் அப்படி.

வெள்ளைக்காரன் என்றால் சிரிக்கக்கூட நாள் நட்சத்திரம் பார்ப்பான் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். வந்து பார்த்தால் கதையே வேறு. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் பாட்டு நேரம். யுகுலேலே என்று ஒரு குட்டி வாத்தியத்தோடு ஒருவர் வருவார். இங்கே ஒரு பாட்டி இருக்கிறாள், வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பெற்ற மகன் வந்து நின்றால் மீட்டர் பார்க்க வந்தவரா என்று கேட்கிறாள். ஆனால் ஜன்னல் துடைக்கிறவன் பாட்டை எடுத்தால் ஒரு அடி பிசகாமல் பாடுகிறாள். கண்ணடிக்க வேண்டிய இடத்தில் கண்ணடிக்கவும் செய்கிறாள். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. இடுப்பைத் துடைத்துவிட்டுப் பவுடர் போட்டது நான். கண்ணடி வாங்கியதும் நான்.

பாட்டுக்குச் சொந்தக்காரர் ஜார்ஜ் ஃபார்ம்பி. பக்கத்தில் விகன் என்ற ஊரில் 1904-ல் பிறந்தவர். சின்ன வயதில் குதிரைப் பந்தய ஜாக்கி, அப்புறம் மேடை, சினிமா. 1961-ல் காலமானார், கல்லறை நம் வாரிங்டனில்தான். 1936-ல் வந்தது அந்தப் பாட்டு. ஏணி போட்டு மாடி ஜன்னல் துடைக்கிறவன், உள்ளே என்னென்ன பார்க்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். புது மாப்பிள்ளை வீடும் அதில் உண்டு. மேலே நான் எழுத மாட்டேன், உனக்கு எழுதவும் வேண்டாம். பிபிசி ரேடியோ அதைத் தடை செய்தது. அடுத்த வருடமே மனுஷன் மிட்டாய்ப் பாட்டு ஒன்று போட்டார். பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் குச்சி மாதிரி நீளமாகச் சீனி மிட்டாய் விற்பார்கள்; கடித்துக்கொண்டே போனாலும் ஊர்ப் பெயர் உள்ளே எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஊரைச் சுற்றுகிறார், அவ்வளவுதான் பாட்டு. அதற்கும் தடை. ஆனால் 1941-ல் வின்ட்சர் கோட்டையில் ராஜா குடும்பத்துக்குப் பாடப் போனபோது, ஜன்னல் பாட்டை வெட்டாமல் முழுசாகப் பாடச் சொல்லி ராஜாவே கேட்டுவிட்டாராம். ரேடியோவுக்கு இருந்த மானம் ராஜாவுக்கு இல்லை.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன் அத்தே. நடவில் நீ பாடும் வாளிப் பாட்டுதான் ஞாபகம் வந்தது. கிணறு, வாளி, கயிறு. தப்பாக ஒரு சொல் கிடையாது. வரப்பில் மேஸ்திரி வந்து நின்றால் குரலை இன்னும் ஏற்றுவாய். அவர் முறைத்தால், “வாளியத்தானே பாடினோம், ஒனக்கு என்னாய்யா தோணுச்சு?” என்பாய். பாவம், அவர் எதைச் சொல்லி வழக்காடுவார்? பாடினவள் உத்தமி, கேட்டவன் புத்திதான் கெட்டது. ஃபார்ம்பியும் பால் குடிக்கிற பிள்ளை மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். முக்கால்வாசிச் சூட்சுமம் அந்த முகத்தில்தான்.

அவருக்கு முன்னாலேயே மேரி லாயிட் என்று ஒரு மகராசி இருந்தாள், 1870-ல் பிறந்தவள். அவள் பாட்டு ஆபாசம் என்று புகார் போனபோது, விசாரித்தவர்கள் முன்னால் தன் பாட்டையெல்லாம் பூஜையறையில் பாடுவது போலப் பாடிக் காட்டினாளாம். பிறகு பெரிய வீட்டுப் பெண்கள் பாடும் கண்ணியமான பாட்டு ஒன்றை எடுத்து, கண்ணாலும் கையாலும் அதை நாறடித்துவிட்டாள் என்று கதை சொல்கிறார்கள். அவள் 1922-ல் செத்தபோது, டி. எஸ். எலியட் என்கிற பெரிய கவிஞர் இரங்கல் கட்டுரை எழுதினார். இவர்கள் பாடிய இடத்துக்கு மியூசிக் ஹால் என்று பெயர். பஞ்சாலைக்காரர்கள், சுரங்கக்காரர்கள், இங்கே நார்த்விச் பக்கம் உப்புத் தண்ணீரை இரும்புத் தொட்டியில் ஊற்றி நிலக்கரித் தீயில் காய்ச்சினவர்கள் போன்ற ஜனங்களுக்கான கொட்டகை. (வெயில் இல்லாத ஊரில் உப்புக்கும் அடுப்பு மூட்ட வேண்டும், பார்த்துக்கொள்!) மரக்காணம் பாத்தியில் விடியுமுன் உப்பு வாருகிற உனக்கு அந்தச் சிரிப்பின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் நான் சிரித்தேன் என்று நினைக்காதே. ஜட்ஜ் டிரெட் என்று ஒரு பாடகர் எழுபதுகளில் வந்தார். பிபிசியிடம் அதிகத் தடை வாங்கினவர் என்ற பெருமை அவருக்கு. கேட்டுப் பார்த்தேன். போர்வையை முழுக்க விலக்கிவிட்டு, பார் பார் என்கிறார். பார்த்தாகிவிட்டது, அப்புறம் என்ன? 1971 கிறிஸ்துமஸுக்கு இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்த, சிரிப்பு நடிகர் பென்னி ஹில்லின் பால்காரன் பாட்டு எவ்வளவோ தேவலை. ஒரு விதவையம்மாவுக்காகப் பால்காரனும் ரொட்டிக்காரனும் சண்டை போடுகிறார்கள். பிற்பாடு பிரதமரான டேவிட் கேமரூன், தனித் தீவுக்கு எடுத்துப்போக விரும்பும் பாட்டுகளில் இதையும் ஒன்றாக ரேடியோவில் சொன்னார். நம் ஊரில் எந்த மந்திரியாவது தெருக்கூத்துக் கட்டியக்காரன் வசனத்தைப் பிடிக்கும் என்று மைக்கில் சொல்வாரா?

ஃபார்ம்பியிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. வூ என்று ஒரு சீனத்துச் சலவைக்காரரைக் கேலி செய்து வரிசையாகப் பாடி வைத்திருக்கிறார். அது வரும்போது பாட்டிகள் தாளம் போடுவார்கள். என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் டிரேயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். கரகாட்டத்தில் குறவன் குறத்தி ஆட்டத்தை 2023-ல் அரசாங்கம் தடை செய்தபோது நீ சலித்துக்கொண்டாயே, எனக்கு அது சரி என்றுதான் பட்டது. மேஸ்திரியை நக்கலடிப்பது வேறு, பதில் பேச முடியாத ஜனத்தை நக்கலடிப்பது வேறு. ஆனால் இதே ஃபார்ம்பி 1946-ல் தென்னாப்பிரிக்கா போனபோது, வெள்ளையர்களுக்கு மட்டும் பாட மாட்டேன் என்றார். மலான் என்ற கட்சித் தலைவர் போனில் கோபித்துக்கொள்ள, ஃபார்ம்பியின் சம்சாரம் பெரில் வாங்கிப் பேசி ஒரு சொல் சொன்னாளாம். தண்ணீர்க் குழாயடியில் நீ சொல்வாயே, ஏறக்குறைய அதுதான். அந்த மலான்தான் இரண்டு வருடத்தில் அங்கே பிரதமர்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஃபார்ம்பி பாட்டெல்லாம் ரெக்கார்டில் இருக்கிறது. கி. ராஜநாராயணன் ஊர் ஊராகச் சொல்லப்பட்ட கதைகளைச் சேர்த்து ‘மறைவாய் சொன்ன கதைகள்’ என்று புத்தகமே போட்டார். உன் வாளிப் பாட்டு உன் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. நடவு மெஷின் வந்துவிட்டது, உன் மருமகளுக்குப் பாதிதான் தெரியும். அவள் போனில் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பு. மெதுவாகப் பாடாதே, மேஸ்திரி வரப்பில் நிற்கிற மாதிரி பாடு. நம் குடும்பக் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதே. அதில் சம்பந்தி இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மகள்