பீர் லீக் ஆட்டக்காரரின் ஸ்கேட் தேர்வியல்: ஓர் ஆய்வு

ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டுக்கு உறுப்புகள் மூன்று. கணுக்காலுக்கு மேல்வரை இறுகப் பிடிக்கும் விறைப்பான பூட் ஒன்று. அதன் அடியில் ரிவெட் அடித்த பிளாஸ்டிக் ஹோல்டர் ஒன்று. ஹோல்டரில் மாட்டிய, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு பிளேடு ஒன்று. அணிபவரின் நம்பிக்கையை நான்காம் உறுப்பாகச் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. விலைச்சீட்டில் உள்ள தொகையில் முதல் மூன்றுக்கும் போக மிஞ்சுவதெல்லாம் அந்த நான்காவதற்கே போகிறது.

ஆய்வுக்கு உரியவர் யார் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாம். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் வீரர் விலக்கு; அவருக்கு ஸ்கேட் தேடி வரும். சிறுவர் விலக்கு; அவர்களுக்குக் கால் வளர்கிறது என்ற நியாயமான காரணம் இருக்கிறது. எஞ்சுபவர், கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ‘பீர் லீக்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அணிகளில் ஆடும் நடுவயதுக்காரர். பனித்தளமான ரிங்கில் நல்ல நேரமெல்லாம் பிள்ளைகளுக்குப் போய்விடுவதால் இவருக்கு ஆட்டம் இரவு பத்தரைக்கோ பதினொன்றுக்கோ வாய்க்கிறது. மறுநாள் காலையில் ஆபீஸ் உண்டு. ஆடுவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை, இவர்தான் சீசன் கட்டணம் கட்டுகிறார். பாதம் வளர்வது நின்று இருபது ஆண்டுகளாவது ஆகியிருக்கும். இருந்தும் ஸ்கேட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஏன் மாற்றுகிறார், எப்போது மாற்றலாம் என்பவை ஆராயத்தக்கவை.

வரலாற்றுப் பின்னணி இல்லாத ஆய்வை ஆய்வென்று யாரும் மதிப்பதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடலாம். வட ஐரோப்பாவில் மனிதர்கள் முதலில் குதிரை, மாட்டு எலும்புகளைக் காலில் கட்டிக்கொண்டு, கையிலுள்ள கோலால் உந்திச் சறுக்கினார்கள். இரும்புப் பிளேடு நெதர்லாந்துப் பகுதியில் இடைக்காலத்தில் வந்தது. அங்கே ஸ்கீடாம் நகரத்துப் பெண் லிட்வினா, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், பதினைந்து வயதில் பனியில் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். பிற்காலத்தில் சறுக்குவோரின் காவல் புனிதர் ஆனார். 1498இல் அச்சான அவரது வரலாற்று நூலில் அந்தக் காட்சி மரச்செதுக்குப் படமாக இருக்கிறது. சறுக்கலைக் காட்டும் மிகப் பழைய படங்களுள் ஒன்று விழுதலைக் காட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது. புனிதர் அன்று அணிந்திருந்தது எந்த விலைப்படியைச் சேர்ந்தது என்பதற்குச் சான்று இல்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலுள்ள டார்ட்மத்தில், ஸ்டார் நிறுவனம் 1860களில் அன்றாடக் காலணியிலேயே கவ்விக்கொள்ளும் பிளேடுகளைச் செய்து விற்றது. அக்கால ஆட்டக்காரருக்குச் சிக்கல் குறைவு. பிளேடு வேறு, செருப்பு வேறு. 1927இல் ஒன்டேரியோவின் கிச்சனரில் தொடங்கிய பாவர் நிறுவனம் பிளேடை பூட்டோடு நிரந்தரமாக இணைத்து விற்றது. ஒரு குறைக்காக மொத்தத்தையும் மாற்றும் மனநிலைக்கு அன்றே விதை விழுந்தது எனக் கொள்க.

இனி அளவு. ஹாக்கி ஸ்கேட்டின் எண், அன்றாட ஷூவின் எண்ணைவிட வழக்கமாக 1 முதல் 1½ வரை குறைவு. பத்தாம் எண் ஷூ போடுபவருக்கு எட்டரையோ ஒன்பதோ சரியாக இருக்கும். இந்த ஒரு வரியைக் கேட்காததால் வீணான பணம் கொஞ்சமல்ல. புதியவர் ஷூ எண்ணையே சொல்லி வாங்குகிறார். வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்குவதுபோல் முன்னால் கட்டைவிரல் இடம் விட்டும் பார்க்கிறார். பனியில் இறங்கியதும் பாதம் பூட்டுக்குள் மிதக்கிறது, கணுக்கால் உள்பக்கமாகச் சாய்கிறது. ‘எனக்குக் கணுக்கால் பலவீனம்’ என்ற தீர்மானத்துக்கு அவர் வருவது அப்போதுதான். பலவீனமான கணுக்கால்களில் கணிசமானவை பெரிய ஸ்கேட்டுக்குள் இருக்கும் நல்ல கணுக்கால்களே. அவர் லேஸை இன்னும் இறுக்குகிறார். இறுக்கிய லேஸ் கணுக்காலின் முன்புறத் தசைநாண்களை அழுத்தி, குனியும்போதெல்லாம் கடிக்கிறது. அதற்கு மருந்தாகத் தடித்த நாக்கு வைத்த, விலை கூடிய ஸ்கேட்டைப் பரிந்துரைக்க உடைமாற்றும் அறையில் குறைந்தது மூவர் இருப்பார்கள்.

சரியான அளவின் இலக்கணம் வேறு. லேஸ் கட்டி நேராக நிற்கும்போது விரல்நுனிகள் முன்மூடியை லேசாகத் தொட வேண்டும், மடங்கக் கூடாது. முழங்காலை மடக்கிச் சறுக்கும் நிலைக்கு வந்ததும் குதிகால் பின்னால் போய் உட்கார, விரல்களுக்கு மயிரிழை இடம் கிடைக்கும். குதிகாலுக்குப் பின்னே ஒரு விரலுக்கு மேல் நுழைந்தால் ஸ்கேட் பெரியது. உயரத்துக்குப் பென்சில் சோதனை உண்டு. லேஸ் கட்டாமல் நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாம் லேஸ் துளைகளுக்குக் குறுக்கே பென்சிலை வைக்க வேண்டும். இரு ஓரங்களிலும் தட்டையாகப் படிந்தால் நல்லது. புறங்காலில் இடித்து ஆடினால் அந்த பூட் அந்தக் காலுக்கு ஆழம் போதாது. அகலத்தை முன்பு டி, டபுள் இ என்ற எழுத்துகளால் குறித்தார்கள். பாவர் இப்போது ஃபிட் 1, 2, 3 என்கிறது; இன்னொரு ஸ்கேட் நிறுவனமான சி.சி.எம். ஒடுக்கம், வழக்கம், அகலம் என மூன்றாகப் பிரிக்கிறது. ஆக, ஒருவர் காலுக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியது அவர் கால்தான். நண்பர் அணியும் மாடல், தங்கள் ஊர் அணியின் கேப்டன் அணியும் மாடல் ஆகியவை இங்கே பிரமாணம் ஆகா.

முன்னோர் மேற்கோள் காட்டி இதை மறுப்பாரும் உளர். என்.எச்.எல். நட்சத்திரங்களில் பாபி ஓர் சாக்ஸ் போடாமலே ஆடினார், போல் காஃபி காலை நெரிக்கும் அளவுக்குச் சிறிய ஸ்கேட்டில் ஆடினார் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் ஓர் சாக்ஸைக் கழற்றியதால் ஓர் ஆகவில்லை என்பதால் இம்மேற்கோள் தள்ளத்தக்கது.

அளவு முடிந்ததும் அடுப்பு. இன்றைய பூட்டுகளில் பெரும்பாலானவை சூட்டில் இளகிக் காலின் வடிவத்துக்கு வருபவை. கடைக்காரர் ஸ்கேட்டைச் சுமார் 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் அடுப்பில் வைத்து எடுத்து, கால் நுழைந்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டச் சொல்வார். பிறகு அவரே மண்டியிட்டு லேஸை இழுப்பார். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் இளகிய பூட்டிலிருந்து லேஸ் துளைகள் பிய்ந்துவிடும் என்பதால் பக்கவாட்டில் நிதானமாக இழுப்பார். அதன்பின் பத்துப் பதினைந்து நிமிடம் எழுந்திருக்காமல், நடக்காமல், நாற்காலியில் சும்மா இருக்க வேண்டும். பாதத்தைச் சுற்றி மெல்லிய சூடு பரவும். தாயாரின் வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு அந்தக் கால்களுக்கு இவ்வளவு கவனிப்பு கிடைத்திருக்காது. கடையை விட்டு வெளியே வரும்போது எந்த ஆட்டக்காரரும் ‘இது சரியில்லை’ என்று சொல்லாததற்கு இந்தப் பதினைந்து நிமிடமே காரணமாக இருக்கலாம். ஒரு நாளாவது ஆறவிட்ட பிறகே அதில் ஆட வேண்டும்.

அடுத்தது படிநிலை. ஒவ்வொரு கம்பெனியும் ஒரே வரிசையில் பல விலைகளில் ஸ்கேட் செய்கிறது. அடிப்படி நூறு, நூற்றைம்பது கனடிய டாலரில் தொடங்கும், உச்சிப்படி ஆயிரத்தைத் தாண்டும். விலை ஏற ஏற பூட் விறைக்கும், எடை குறையும், கார்பன் கலப்பு கூடும். விறைப்பு என்பது பொதுவான நன்மை அல்ல. காலின் விசை வீணாகாமல் பிளேடுக்குப் போவதற்காக, வாரம் முழுக்க ஆடும் தொழில்முறை வீரருக்காக அமைந்தது அது. வாரம் ஒருமுறை ஆடுபவர் அதைப் பழக்குவதற்குள் சீசன் முடிந்துவிடலாம். முழங்காலை மடக்க முடியாமல் மரக்கட்டை மேல் நிற்பவராகவே மார்ச் வரை ஆடுவார். அதற்காக அடிப்படிக்குப் போவதும் தவறு. இலேசான உடம்புக்காகச் செய்த பூட், 90 கிலோ எடையுள்ளவர் திடீரென்று நின்று திரும்பும்போது பக்கவாட்டில் மடங்கிவிடும். கனத்த ஆளுக்கு நடுப்படி வேண்டும். அதற்கு மேலே ஏறுவது விருப்பம், தேவை அன்று.

எடைக் குறைப்பு பற்றி ஒரு குறிப்பு. நடுப்படிக்கும் உச்சிப்படிக்கும் இடையே ஜோடிக்குச் சில நூறு கிராம் மிச்சமாகும். ஆட்டம் முடிந்ததும் கையில் ஏறும் 355 மில்லி பீர் டின்னில் ஒன்று ஏறக்குறைய அதே எடை. முந்தையதற்கு அவர் கொடுத்தது பல நூறு டாலர். பிந்தையது கணக்கில் வருவதே இல்லை.

மேம்படுத்தலுக்குக் கூறப்படும் காரணங்களைத் தடை விடையாகக் காண்போம்.

தடை: வேகம் கூடும். விடை: கூடலாம். ஆனால் எதிரணியிலும் நாற்பதைத் தாண்டியவர்களே இருப்பதால் ஒப்புநோக்கில் பெரிதாக எதுவும் மாறாது. தடை: போன வருட மாடல், பாதி விலை. விடை: இது கேட்கத்தக்கது. பெரும்பாலும் நிறத்தையும் ஸ்டிக்கரையும் மாற்றியே புது மாடல் வருகிறது. ஆயினும் பாதி விலைக்குக் கிடைத்தது காலுக்குப் பொருந்தாத அளவு என்றால், மீதிப் பாதியையும் சேர்த்து இழந்ததாகவே கொள்க. தடை: பழையது வலிக்கிறது. விடை: வலிக்கும் இடம் எது என்று முதலில் பார்க்க வேண்டும். எலும்பு துருத்தும் ஒரே ஓர் இடம்தான் என்றால், கடைக்காரரே அந்த இடத்தைச் சூடாக்கிக் கருவியால் வெளியே தள்ளித் தருவார், செலவு சொற்பம். பூட்டின் உள்ளடித் தட்டை மாற்றினாலே தீரும் வலிகளும் உண்டு. தடை: அணியில் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். இதற்கு விடை இல்லை. பெரும்பாலான ஸ்கேட்டுகள் இந்தக் காரணத்தால்தான் விற்கின்றன.

மெய்யான காரணங்கள் சில உண்டு. கணுக்கால் பகுதியை இரு கைகளால் அழுத்தினால் அட்டைப்பெட்டிபோல் மடங்குவது ஒன்று. சாணை பிடித்துப் பிடித்துப் பிளேடு தேய்ந்து ஹோல்டரை நெருங்குவது இன்னொன்று. ஆனால் இரண்டாவதற்கு முழு ஸ்கேட்டை மாற்ற வேண்டியதில்லை. இக்கால ஹோல்டர்கள் பலவற்றில் விசையை அழுத்தினால் பிளேடு மட்டும் கையில் வந்துவிடும். புதியது நொடியில் ஏறும். ஹோல்டர் வெடித்தால் ஹோல்டரை மாற்றலாம், ரிவெட் தளர்ந்தால் ரிவெட்டை அடிக்கலாம். பூட் சாகும்வரை ஸ்கேட் சாவதில்லை.

சாணைக்குத் தனி அதிகாரமே எழுதலாம். பிளேடின் அடி தட்டையானது அன்று. நீளவாக்கில் ஒரு குழிவு ஓட, அதன் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் நிற்கின்றன. குழிவின் ஆரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். கடையில் எதுவும் சொல்லாவிட்டால் 1/2 அங்குலம் பிடித்துத் தருவது பரவலான வழக்கம். 3/8 என்றால் குழிவு ஆழம். விளிம்பு பனியைக் கவ்வும், திருப்பம் எளிது, சறுக்கல் குறையும். 5/8, 3/4 என்றால் குழிவு ஆழம் குறைவு; வழுக்கிக்கொண்டு போகும், நிற்பதற்குத் திறமை வேண்டும். கனத்தவரின் விளிம்பு தானாகவே ஆழப் பதியுமென்பதால் அவருக்குப் பெரிய ஆரம் பொருந்தும். சாணை நேராக அமைந்ததா என்று பார்க்க, பிளேடை மல்லாத்தி ஒரு காசை இரு விளிம்புகளுக்கும் குறுக்கே வைத்தால் போதும். காசு ஒருபக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு உயரம். அந்த ஸ்கேட் ஒருபக்கத் திருப்பத்தில் பிடிக்கும், மறுபக்கத் திருப்பத்தில் நழுவும்.

பனி ஏன் வழுக்குகிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் முழுமையாக உடன்படவில்லை. பிளேடின் அழுத்தத்தால் பனி உருகுகிறது என்பது பழைய விளக்கம்; ரிங்கின் குளிரில் அது போதாது. உருகாத பனியின் மேற்பரப்பிலேயே நீர் போன்ற ஒரு மெல்லிய படலம் உண்டு என்ற திசையில் மைக்கேல் ஃபாரடே 1850இல் சிந்தித்தார். உராய்வுச் சூடே முக்கியம் என்று பௌடனும் ஹியூஸும் 1939இல் காட்டினார்கள். பீர் லீக்கில் இந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. விழுந்தால் சாணை சரியில்லை, விழாவிட்டால் ஆட்டம் பிரமாதம்.

பிளேடைப் பேணும் முறை தெரியாமல் ஸ்கேட்டை மாற்றியவர்களும் ஏராளம். ஆட்டம் முடிந்ததும் பிளேடை ஒரு துண்டால் துடைத்து, துணி உறை போடுவதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்து, ஈரத்தோடு ரப்பர் கவசம் மாட்டிப் பைக்குள் போட்டால் அடுத்த வாரம் பிளேடில் துரு பூத்திருக்கும். ‘இந்த ஸ்கேட் இனி உதவாது’ என்பது அவர் முடிவு. ஆயிரம் டாலர் செலவைத் தூண்டிய காரணங்களில் ஒரு முகத்துண்டுக்கும் இடம் உண்டு.

வீட்டில் சொல்லும் விலைக்கும் கடையில் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு தனி ஆய்வுக்கு உரியது என்பதால் இங்கே விடப்படுகிறது. பழைய ஜோடி வீட்டின் நிலவறைக்குப் போகும். ‘வெளிக்குளத்துக்கு ஆகும்’ என்று அதை வைத்துக்கொள்வது மரபு. வெளிக்குளம் உறையும் காலத்தில் அதைத் தேடினால் அகப்படுவதில்லை.

கடைசியாக ஒன்று. புதிய ஸ்கேட் பெரும்பாலும் விளையாடுவதற்குரிய சாணை இல்லாமலே பெட்டியில் வருகிறது. அதை அப்படியே மாட்டிக்கொண்டு பனியில் கால் வைப்பவர் லிட்வினாவின் வழியில் போகிறார். முதல் சாணைக்குப் பல கடைகள் காசு வாங்குவதில்லை. பில் போடும் முன் கேட்டுப் பிடித்துக்கொண்டு வரவும்.