தாம்பரத்து மாடியும் துருவ ஒளியும்

நார்வே தேசத்து ஆகாயம் பச்சையும் சிவப்புமாக நெளியும் காட்சியைக் கைப்பேசியில் கண்டு களித்தவர்கள், ‘நம் தாம்பரத்தில் இது எப்போது வரும்?’ என்று, இரவில் மொட்டை மாடியில் காமிராவை நிறுத்தி வானத்தைப் படம் பிடிக்கும் பழக்கமுள்ளவன் என்ற ஒரே அபராதத்துக்காக, அடுத்த மின்சார ரயிலை விசாரிக்கும் தோரணையில் என்னை விசாரிப்பது சமீப காலத்தில் வழக்கமாகிவிட்டது.

வராது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் கேட்டவர் மனம் வருந்துமே என்று காரணத்தை விஸ்தாரமாகவே எடுத்துரைப்பேன். சூரியனிலிருந்து புயலாகப் புறப்பட்டு வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப் புலம் துருவங்களின் பக்கமாகத் திருப்பிவிட, அவை அங்கே மேல்வளி மண்டலத்தில் மோதி, பிராணவாயுவைச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பச்சையாகவும் 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பாகவும் ஒளிரச் செய்கின்றன என்பதும், பூகோளக் கணக்கில் 13 பாகையில் உள்ள தாம்பரம் காந்தக் கணக்கில் ஏறக்குறைய மத்திய ரேகையிலேயே குடியிருக்கிறது என்பதும், அந்தக் காந்த மத்திய ரேகை நம் தெற்குக் கோடியை ஒட்டிப் போவதனால்தான் 1963-ல் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டார்கள் என்பதும் அந்த விஸ்தாரத்தில் அடங்கும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் அடுத்த வருஷம் வருமா?’ என்றவர்களும் உண்டு.

2024 மே 10-ஆம் தேதி இரவு, இருபது ஆண்டுகளில் காணாத உக்கிரத்துடன் சூரியப் புயல் பூமியைத் தாக்கி, லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள இந்திய வானாய்வகத்தின் காமிராவில் வானம் சிவந்து பதிவான பிறகு என் சங்கடம் அதிகமாயிற்று. ‘ஹான்லேயும் இந்தியா, தாம்பரமும் இந்தியா, அங்கே வந்தது இங்கே ஏன் வரக் கூடாது?’ என்று தேசிய ஒருமைப்பாட்டின் பெயரால் எழுப்பப்படும் கேள்விக்குப் பௌதிக சாஸ்திரத்தில் பதில் இல்லை.

துருவ ஒளி கிடக்கட்டும். சாதாரண நட்சத்திரத்தைப் படம் பிடிப்பதே எங்கள் பிராந்தியத்தில் ஒரு தபசு. அகலக் கோண லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 வரை திறந்து, ஐ.எஸ்.ஓ.வை 3,200-ல் நிறுத்தி, 20 வினாடி காத்திருந்தால் பால்வீதி பதியும் என்பது இருண்ட ஊர்களுக்கான விதி. அதே விதியைத் தாம்பரத்தில் அனுஷ்டித்தால் பதிவது பட்டப்பகல். வடக்கே மாநகரம் முழுவதும், தெற்கே 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமும், நடுவே ஜி.எஸ்.டி. சாலையும் ஆகாயத்துக்குத் தாராளமாக ஒளிதானம் செய்ய, மீனம்பாக்கத்து விமானங்கள் எஞ்சியதன் குறுக்கே கோடு கிழித்துவிட்டுப் போகின்றன.

இவை போதாவென்று அயலாரின் அன்பு வேறு. மார்கழி இரவொன்றில், கொசுவர்த்தியும் கம்பளிக் குல்லாயும் துணையாக நான் ஓரியன் மண்டலத்தை நோக்கித் தவம் கிடந்தபோது, எதிர் மாடிப் பெரியவர், ‘என்ன சார், இருட்டுல கஷ்டப்படறீங்களே!’ என்று பதறி, தம் மாடி விளக்கைப் போட்டு உபகாரம் செய்தார். நட்சத்திரத்தைப் படம் எடுக்கிறேன் என்று நான் விளக்கியதும் அவர் முகத்தில் பக்தி படர்ந்தது.

‘நட்சத்திரமா? எங்க பையனுக்கு விசாகம் சார். ரெண்டு வருஷமா வரன் தட்டிக்கிட்டே போகுது. எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்.’

‘மார்கழியிலே விசாகம் விடியற்காலையிலேதான் சார் உதயமாகும்.’

‘அப்போ விடிஞ்சிடும்கிறீங்க!’ என்று பூரித்துப் போய் அவர் கீழே இறங்கினார். விளக்கு மட்டும் அணையவில்லை.

ஆயினும் தாம்பரத்து வாசிகள் தம் ஆகாயத்தை நினைத்துத் தாழ்வு மனப்பான்மை கொள்வதற்கு நியாயமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். வடதிசையில் நமக்கென்றே ஓர் ஒளி உண்டு. அது சுமார் 90 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் உற்பத்தியாகிறது. துருவ ஒளியோ வந்தால் வரும், வராவிட்டால் விமானச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிக் கவலைப்படாது. நம்முடைய ஒளியோ, 2024 டிசம்பர் 30-ஆம் தேதி இரவு சரியாக 10 மணிக்குப் புறப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-60-ஐப் போல, நாளும் நேரமும் சொல்லிக்கொண்டு வருகிறது. மேகம் மறைக்காத இரவில் ஷட்டரை ஓரிரு நிமிஷம் திறந்தே வைத்தால், தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே செம்பொன் கோடொன்று எழுந்து கடலின் பக்கமாக வளைவது ஒரே படத்தில் அகப்படும். துருவ ஒளியை உண்டாக்கும் சூரியப் புயல்களை வேவு பார்க்கும் ஆதித்யா எல்-1 கூட, செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜியைத் திட்ட இயக்குநராகக் கொண்டு, 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி அங்கிருந்துதான் சென்றது.

தென்திசைக்கோ அகஸ்தியர் இருக்கிறார். இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான இந்த நட்சத்திரம், தை, மாசி மாதங்களின் முன்னிரவில் கிளாம்பாக்கத்து வெளிச்சத்தையும் பொருட்படுத்தாமல் நம் மாடிகளுக்குத் தரிசனம் தருகிறது. ஆனால் ஏறக்குறைய 37 பாகைக்கு வடக்கே அடிவானத்துக்கு மேல் தலைகாட்டுவதே இல்லை. கைலாயத்திலிருந்து தெற்கே அனுப்பப்பட்ட முனிவர் திரும்பிப் போகவில்லை என்று புராணம் சொல்வதை வான சாஸ்திரமும் ஆமோதிக்கிறது. யாழ்ப்பாணத்தை விட்டுப் பிரிந்து, வடநார்வேயின் ஃபின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்த தமிழர்களுக்குத் தலைக்கு மேல் துருவ ஒளி நர்த்தனம் ஆடியது. அகஸ்தியர் மட்டும் அகப்படவில்லை.

எனவே நேயர்களிடம் எனக்குள்ள விண்ணப்பம் துருவ ஒளியைப் பற்றியதன்று. 2022-ல் இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஹான்லேயில், கிராமத்தார் வீட்டு வெளிச்சம் மேலே சிதறாதபடி விளக்குகளுக்கு மறைப்பு இடுகிறார்கள். அவ்வளவு தியாகம் நம்மால் இயலாவிட்டாலும், இரவு 10 மணிக்குமேல் மாடி விளக்கை அணைத்துவிடலாம். திருட்டுப் பயம் உள்ளவர்கள் விளக்கைத் தரையை நோக்கித் திருப்பி வைத்தால் போதும், ஏனெனில் இதுவரை எந்தத் திருடனும் ஆகாயத்திலிருந்து இறங்கி வந்ததில்லை.