மாலையில் ஒரு முடி

கேள்வி: எழுதி முடித்த கதையை நானே பத்து முறை படித்து ரசிக்கிறேன். இது வியாதியா? (ஒரு வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்)

பதில்: அந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடி, கிணற்றில் எட்டிப் பார்த்து அழகு பார்த்த ஆண்டாள் வளர்ந்த ஊர். அந்தக் கண்ணாடிக் கிணறு இன்னும் கோயிலில் இருக்கிறது. தாராளமாக ரசியுங்கள். ஆனால் கதையின் அடுத்த பகுதியையும் மறக்காதீர்கள். மாலையில் ஒரு முடி ஒட்டியிருந்தது, அப்பா பெரியாழ்வார் கண்டுபிடித்துவிட்டார். வாசகனும் கண்டுபிடிப்பான். உங்கள் கதாநாயகன் டீக்கடையில் நின்றுகொண்டு மூன்று பக்கத்துக்கு மதுவிலக்கு பற்றிப் பேசினால், அது அவன் முடியில்லை, உங்கள் முடி என்று தெரிந்துவிடும். பெருமாள் அந்த மாலைதான் வேண்டும் என்றார். நம் வாசகருக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

கேள்வி: விளக்கி எழுதினால் சலிப்பு என்கிறார்கள். விளக்காமல் விட்டால் புரியவில்லை என்கிறார்கள். என்னதான் செய்ய? (தறிக்காரர், சத்திரப்பட்டி)

பதில்: உங்கள் தறியில் ஓடும் பேண்டேஜ் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். இழைக்கும் இழைக்கும் நடுவே எதிர்வீட்டுத் திண்ணை தெரியும். அந்த இடைவெளி இருப்பதால்தான் அது காயத்துக்கு ஆகிறது. நெருக்கி நெய்தால் காற்றுப் போகாது. அதற்காக இழையை ரொம்பவும் விட்டுவிட்டால் கட்டும்போதே கையோடு வந்துவிடும். எத்தனை இழை என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் முதல் கதையை நான் ஜமுக்காளமாக நெய்தேன். அவள் அழுதாள், ஏன் அழுதாள், அழுததால் கண் சிவந்தது, சிவந்த கண்ணைப் பார்த்து அவனுக்கு வருத்தம் வந்தது. படித்துவிட்டு எங்கள் அத்தை கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கும் ஏதாச்சும் வேலை மிச்சம் வச்சிருக்கியா?"

கேள்வி: கதையைப் பால்கோவா மாதிரி சுண்டக் காய்ச்ச வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார்களே?

பதில்: எல்லாக் கூட்டத்திலும் பேசுவார்கள். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இனி உவமைக்கு எடுத்தாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கேள்வி: வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். தமிழில் கதை எழுத எனக்குத் தகுதி உண்டா? (கல்லூரி மாணவி, இராஜபாளையம்)

பதில்: வீட்டில் தெலுங்கு பேசிய இடைசெவல் கி. ராஜநாராயணன், கரிசல் காட்டுக்குக் குடிவந்த தெலுங்கு ஜனங்களின் கதையைத் தமிழில் எழுதினார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி பரிசு. தகுதிக் கேள்வி அத்தோடு தீர்ந்தது. ஆனால் உங்கள் ஊரிலேயே இதைவிட ருசியான விஷயம் ஒன்று இருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் படையெடுத்துப் போன வழியில், கனவில் ஆந்திர விஷ்ணு வந்து, ஆண்டாளின் கல்யாணத்தைத் தெலுங்கில் எழுதச் சொன்னாராம். ராயர் எழுதிய காவியத்தின் பெயர் 'ஆமுக்தமால்யதா'. சூடிக் கொடுத்தவள் என்றுதான் அர்த்தம். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் உங்கள் ஊர்க்காரர் மு. கு. ஜகந்நாத ராஜா. அந்த மொழிபெயர்ப்புக்கு அகாதெமி பரிசும் கிடைத்தது. பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடும் தூரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதை இராஜபாளையம் வந்து சேர விஜயநகரம் வழியாகச் சுற்றி வந்திருக்கிறது. இரண்டு மொழி தெரிவது பலவீனம் என்று உங்களுக்கு யார் சொன்னது? வீட்டில் பாட்டி திட்டுகிற தெலுங்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலு நாவலுக்குத் தாங்கும்.

கேள்வி: ஊர்க்காரர்களை வைத்து, ஊர்ப் பேச்சிலேயே எழுதினால் ஊருக்குள் விடுவார்களா? (பெயர் வேண்டாம் என்பவர், வத்திராயிருப்பு)

பதில்: உடனே விடமாட்டார்கள். பக்கத்துப் புதுப்பட்டிக்காரர் எழுத்தாளர் பாமா. 1992-இல் அவருடைய தன்வரலாறு 'கருக்கு' வந்தபோது, தங்கள் வாழ்க்கையை ஊரறியப் போட்டு உடைத்துவிட்டார் என்று சொந்த ஜனங்களுக்கே கோபம். சில மாதங்கள் ஊர்ப்பக்கம் போக முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். படித்த இளைஞர்கள்தான் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லிச் சமாதானம் செய்தார்களாம். பேச்சுவழக்கு வெளியே புரியுமா என்ற கவலை இருந்தால், லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 'கருக்கை' ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார், உலகம் பூராவும் பாடமாக வைத்துப் படிக்கிறார்கள். ஆகவே எழுதுங்கள். ஒன்று மட்டும்: பாமா தன் காயத்தையும் சேர்த்துத்தான் திறந்து காட்டினார். நீங்கள் பெரியப்பாவின் கடன் பாக்கியை மட்டும் எழுதப்போகிறீர்கள் என்றால், அதற்குப் பெயர் கதை இல்லை, மொட்டைக் கடுதாசி.

கேள்வி: பகல் பூராவும் நைட்டி தைக்கிறேன். எழுத எப்போது நேரம்? (தளவாய்புரம் வாசகி)

பதில்: பாபினில் நூல் தீர்ந்து மாற்றுகிற நேரத்தில் ஒரு வரி வருமே, அதை பில்புக்கின் பின்பக்கம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பாபின் என்றாலும் ஐந்து வரி. எந்த வேலையும் இல்லாமல் மூன்று வருடமாக முதல் வரியைத் தேடிக்கொண்டிருக்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

கேள்வி: சிறுகதை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது ஆரம்பித்தால், வாசகர் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட வேண்டும்.

கேள்வி: புத்தகம் போட்டுவிட்டேன். வாசகர்தான் இல்லை. எங்கே தேடுவது? (முறம்பு வாசகர்)

பதில்: என் முதல் தொகுப்பை நானே காசு கொடுத்து ஐந்நூறு பிரதி போட்டேன். போட்டவர் பெயர் வேண்டாம். இருபத்தேழாம் பக்கத்துக்குப் பிறகு முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது. யாருமே அதைச் சொல்லவில்லை என்பதில்தான் எனக்கு உண்மை விளங்கியது. கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டுகளை அம்மா ஊறுகாய் ஜாடிக்கு முட்டுக் கொடுத்தார்.

சி. சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கியவர். புத்தக மூட்டையைத் தானே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். நமக்கு அந்தத் தோள் இல்லை. இன்னொரு வழி இடைசெவலில் இருக்கிறது. கி. ரா.வும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர்ச் சிநேகிதர்கள். பிழைப்புக்கு அழகிரிசாமி ஊரைவிட்டுப் போன பிறகும் கடிதம் நிற்கவில்லை. அந்தச் சின்ன ஊரில் இரண்டு பேருக்கும் அகாதெமி பரிசு. எனக்கு என்னவோ, ஒவ்வொருவருக்கும் முதல் வாசகன் பக்கத்துத் தெருவிலேயே இருந்ததுதான் காரணம் என்று தோன்றுகிறது.

ஐந்நூறு பேரைத் தேடாதீர்கள், ஒருவரைப் பிடியுங்கள். "சூப்பர்" என்று சொல்பவர் வேண்டாம், இருபத்தேழுக்கு அப்புறம் முப்பத்தொன்று வருகிறதே என்று கேட்பவர் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகத்துக்குப் போங்கள். 1875-இலிருந்து இருக்கிறது. உங்கள் புத்தகத்தைக் கொடுக்கப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஜனங்கள் எந்தப் பக்கத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: இராஜபாளையம் நாயைக் கதாநாயகனாக வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள். 2005-இல் அஞ்சல்துறை நம் ஊர் நாய்க்குத் தபால்தலையே போட்டது. கதை திரும்பி வர வேண்டும் என்றால் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வையுங்கள். போன மாதம் ஒருவர் உறையை மட்டும் அனுப்பிவிட்டுக் கதையை வைக்க மறந்துவிட்டார். அந்த மாதம் வந்ததிலேயே நான் குறை சொல்லாத படைப்பு அதுதான்.