ராஸ்கலும் நீலத் தார்ப்பாயும்

பண்டேரா, டெக்சாஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் குதிரையும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தையும் எல் போர்டு மாட்டிய மாருதியும் சௌக்கியம்தானே?

நான் குதிரைப் பந்தயத்தில் இறங்கிவிட்டதாக யாரோ சொன்னார்கள் என்று வாட்ஸப்பில் நீளமாகப் பேசி அனுப்பியிருந்தீர்கள். அதில் முக்கால்வாசி, கிண்டி ரேஸில் வீட்டைத் தோற்ற உங்கள் சிநேகிதரைப் பற்றியது. பதற வேண்டாம் மாமா. இந்தப் பந்தயத்தில் யாரும் பணம் கட்ட மாட்டார்கள். வேடிக்கை பார்க்கக்கூட ஆள் வராது. வேகமாகப் போனால் மார்க் குறையும். காரைக்குடியில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்த உங்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இது குதிரைக்கு வைக்கிற ஆர்.டி.ஓ. டெஸ்ட்.

மலைப்பாதையில் ஆறேழு மைல் போக வேண்டும். வழியில் அங்கங்கே ஒரு தடை. பக்கத்தில் மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு, அட்டையும் பேனாவுமாக ஒரு நடுவர். குதிரைக்குப் பத்துக்கு இத்தனை, மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இத்தனை என்று எழுதுவார். தடை என்றதும் சினிமா கதாநாயகன் மாதிரி வேலி தாண்டிப் பறப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் வேறு கூட்டம். இங்கே குதிரைமேல் இருந்தபடியே ஒரு கேட்டைத் திறந்து, உள்ளே போய், கேட்டிலிருந்து கையை எடுக்காமல் திரும்ப மூட வேண்டும். கட்டைகளை ‘எல்’ போலக் கிடத்தி வைத்து அந்தச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார்கள். குளம்பு கட்டையில் இடித்தால் மார்க் போச்சு. அப்புறம் மரப்பாலம், ஓடை, தொங்கவிட்ட பிளாஸ்டிக் பட்டைகளுக்குள் நுழைவது, கயிற்றில் கட்டிய மரத்துண்டை இழுத்துக்கொண்டு போவது. கம்பத்தில் மாட்டியிருக்கும் மழைக்கோட்டை எடுத்துக் குதிரைமேல் இருந்தே போட்டுக் கழற்றுவது. எந்தக் கோட்டையும் சத்தமில்லாமல் மாட்ட முடியாது என்பது எனக்கே போட்டியில்தான் தெரிந்தது.

சில நடுவர்கள் வலது பக்கமிருந்து ஏறச் சொல்வார்கள். குதிரையில் இடது பக்கம் ஏறுவதுதான் வழக்கம். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம் என்கிறார்கள். வாள் போய் எத்தனையோ காலம் ஆச்சு. ஆனாலும் வலது பக்கமாகப் போய் நின்றால், வாடகை கேட்க வந்த ஆளைப் பார்க்கிற மாதிரிதான் என் குதிரை பார்க்கிறது.

என் குதிரை என்று வாயில் தவறாமல் வருகிறது, ஆனால் அது முழுசாக என்னுடையது இல்லை. வாரத்தில் மூன்று நாள் குத்தகை. சொந்தக்காரி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். இங்கே இது சகஜம். வைக்கோலுக்கும் லாடத்துக்கும் ஆகிற செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து சீவிவிட்டுக் காசு வாங்கிப் போவார். ஆண் குதிரை, காயடித்தது. குவார்ட்டர் ஹார்ஸ் ஜாதி. கால் மைல் தூரத்தை மின்னலாக ஓடுவதால் அந்தப் பெயர். எங்களவர் உணவு வாளியைப் பார்த்தால் மட்டும் அந்தப் பெருமையைக் காப்பாற்றுவார். உயரம் 15 கை. ஒரு கை என்றால் 4 அங்குலம், ஆக முதுகுமேடு வரைக்கும் 5 அடி. பெயர் ராஸ்கல். நான் வைத்ததில்லை. லாயத்து வாசலில் நின்று நான் அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் மருமகன்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறார்.

போட்டிக்குப் போக ராஸ்கலுக்குக் காகிதம் வேண்டும். குதிரைகளுக்கு வருகிற ஒரு ரத்தச்சோகை நோய் இல்லை என்று ரத்தப் பரிசோதனை செய்து வாங்குவது. காகின்ஸ் என்று பெயர். வாசலிலேயே கேட்பார்கள், இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான். மருத்துவர் வந்து ஊசியில் ரத்தம் எடுத்தார், சில நாளில் குதிரையின் படத்தோடு சான்றிதழ் வந்துவிட்டது. எங்கள் கிரீன் கார்டு இன்னும் வரிசையில் நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாருதியில் நீங்கள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டே, படிக்கிற பையன் எதையாவது இடிக்கப் போனால் நீங்கள் மிதிப்பீர்களே, அந்தப் பிரேக் இங்கே குதிரையிடம் இருக்கிறது. ஸ்டியரிங், கியர், ஆக்சிலரேட்டர் எல்லாம் என்னிடம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கலாம். அது மிதித்தால் நின்றது நின்றதுதான். அரை டன் எடையோடு கயிறு இழுத்து யார் ஜெயிக்க முடியும்?

அது மிதிப்பதிலும் நியாயம் இருக்கிறது. குதிரைக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றிலும் தெரியும். புல் மேய்ந்துகொண்டே பின்னால் புலி வருகிறதா என்று பார்க்க அமைந்த கண். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம் இடமும், மூக்குக்கு அடியிலும், வாலுக்குப் பின்னாலும் இருட்டு. அதாவது, எதன்மேல் காலை வைக்கச் சொல்கிறோமோ, அது கிட்டே வந்ததும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. தண்ணீர் என்றால் முழங்கால் ஆழமா, கிணறா என்று அதற்குத் தெரியாது. இடது கண்ணால் பார்த்துப் பழகியதை வலது கண்ணால் பார்க்கும்போது புதிதாகப் பயப்படும் என்றும் குதிரைக்காரர்கள் சொல்வார்கள். ராஸ்கல் விஷயத்தில் நான் சத்தியம் செய்வேன். போகும்போது கும்பிடாத குறையாகக் கடந்த அதே பாறையைத் திரும்பி வரும்போது பார்த்து அலறினான்.

நான் போன ஒரு போட்டியில் மூன்றாவது தடை தார்ப்பாய். நம்மூரில் நெல் உலர்த்துவோமே, அதே நீலத் தார்ப்பாய்தான். நாலு மூலைக்கும் கல் வைத்துச் சுண்ணாம்புப் பாறைமேல் விரித்திருந்தார்கள். நீலமும் மஞ்சளும் குதிரைக்கு நன்றாகத் தெரிகிற நிறங்கள், இதைத் தெரிந்துகொண்டே வாங்கியிருப்பார்கள் போல. காற்றில் ஒரு மூலை எழுந்து சரசரவென்றது. ராஸ்கல் நின்றான். இரண்டு காதும் தார்ப்பாயைப் பார்த்துக் குத்திட்டு நின்றன. என் கெண்டைக்கால் வழியாக அவன் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது.

இந்த இடத்தில் புதிதாக ஓட்டுகிறவர் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார். அதுதான் கூடாது. குனிந்து பார்க்க வேண்டும் அதற்கு. கயிற்றைத் தளர்த்தினால்தான் தலை கீழே போகும். இன்னொன்று, நாம் மூச்சை அடக்கினால் சேணத்துக்குக் கீழே இருப்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். முதுகில் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற தோல் அது. அதனால் டீச்சரம்மா, ஏதாவது பாடு அல்லது பேசு, மூச்சு தானாக வரும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்கு அந்த நேரத்தில் பாட்டு எதுவும் வரவில்லை, பதினாறாம் வாய்ப்பாடுதான் வந்தது. சத்தமாகச் சொன்னேன். பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு என்றபோது தலை இறங்கியது. தார்ப்பாயை முகர்ந்து ‘புர்ர்’ என்று ஒரு மூச்சு விட்டான். எட்டில் ஒரு குளம்பை வைத்துத் தட்டிப் பார்த்தான். ஒன்பதில் நாலு காலும் மேலே. “பிரார்த்தனையா?” என்றார் நடுவர் மெதுவாக, தொப்பியில் கை வைத்தபடி. ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கல் நகர்ந்து மூலை மறுபடி பறக்க, பாதித் தார்ப்பாயை நடந்தவன் மீதியைப் பறந்து கடந்தான். பிடரி மயிர் என் கையில், என் தொப்பி ஒரு கருவேல மரத்தில். கிடைத்தது நாலு மார்க்.

அதற்கு அடுத்தது தபால் பெட்டி. மூடியைத் திறந்து கடிதத்தை எடுத்து நடுவரிடம் காட்டிவிட்டு உள்ளே வைத்து மூட வேண்டும். துருப்பிடித்த மூடி கிறீச்சிட்டது, தார்ப்பாயைப் பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம், சிலையாக நின்றான். அந்த உறைக்குள் வெறும் வெள்ளைத்தாள்தான் இருந்தது. வாட்ஸப்பில் பதில் பேசாமல் இப்படி உட்கார்ந்து எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முடியாத தடையை “நாங்கள் இதைச் செய்யவில்லை” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகலாம். சுழி போடுவார்கள், நல்ல முடிவு என்று பாராட்டியும் அனுப்புவார்கள். டியூஷன் வைத்தாவது எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிய பரம்பரையில் வந்த எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமான தடை. அடித்து உதைத்து ஒரு குதிரையைப் பாலத்தில் ஏற்றினால் மார்க் குறைகிறது. விருப்பத்தோடு ஏறியதா என்பதைப் பார்க்கிறார்கள். விருப்பத்துக்கு மார்க் போடுகிற பரீட்சையை நான் வேறு எங்கும் எழுதியதில்லை.

ஜெயிப்பவர்கள் யார் தெரியுமா? தொப்பி போட்ட கவ்பாய் வாலிபர்கள் இல்லை. பாட்டிகள். இந்தப் பண்டேரா தன்னை உலகக் கவ்பாய் தலைநகரம் என்று பலகை வைத்துச் சொல்லிக்கொள்கிற ஊர். ஆனால் நான் போகிற போட்டிகளில் பாதிக்கு மேல் பெண்கள், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு பாட்டி முக்காலி வைத்து ஏறி, எல்லாக் கட்டைக்கும் நடுவில் ஊசியில் நூல் கோத்தது போல ரிவர்ஸ் எடுத்துவிட்டுப் போனார். அவர் ஏறியிருந்தது கோவேறு கழுதை. முதலில் நின்று யோசிக்கும், ஒத்துக்கொண்டால் ஒரு குளம்பும் தப்பாது. இனிமேல் என்னைக் கழுதை என்று நீங்கள் திட்டினால் நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

பெரிய போட்டிகளும் உண்டு. நார்த் அமெரிக்கன் டிரெயில் ரைடு கான்ஃபரன்ஸ் என்று 1961இல் தொடங்கிய சங்கம் நடத்துவதில் நாளெல்லாம் காட்டில் சவாரி. குறித்த நேரத்துக்கு முன்னால் வந்தாலும் மார்க் போகும், பின்னால் வந்தாலும் போகும். நடுவழியில் நிறுத்தி, பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்து, குதிரையின் நாடியை எண்ணுவார்கள். சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. சீக்கிரம் அதன் பக்கம் இறங்கினால் நன்றாகப் பழக்கிய குதிரை. நல்லவேளை, ஏறி உட்கார்ந்தவருடைய நாடியை யாரும் பிடிப்பதில்லை.

அம்மாவுக்கு இரண்டு கவலை. ஒன்று, ராஸ்கலுக்குச் சோறு போடுகிறேனா என்பது. பாண்டிய ராஜாக்கள் அரபு நாட்டிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாததையும் 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். நம்மவர்கள் வேகவைத்த சோறும் கறியும் போட்டார்களாம். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலிதான், உயிருக்கே ஆபத்து. ராஸ்கல் காய்ந்த புல்தான் தின்கிறான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, நான் விழுந்துவிடக் கூடாது என்று ஐயனாருக்கு மண் குதிரை செய்து புரவி எடுப்பதாக வேண்டிக்கொண்டாளாம். இங்கே ஆறாம் பரிசுக்குப் பச்சை ரிப்பன் தருவார்கள். அதை வாங்கிவிட்டேன். புரவிக்குக் கழுத்தில் கட்டத் தபாலில் அனுப்புகிறேன், புரவி செய்கிற வேளாரிடம் சொல்லி வையுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

பி.கு.: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது தார்ப்பாய் வருகிற பக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு புரவி இரண்டாகிவிடும், மண் விலையும் ஏறிவிட்டதாமே.